பொங்கலுக்கு வந்து பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க!



பரளச்சியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் நம்ம பாக முகவர்கள் வரைவு வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கிக்கிட்டு இருக்காங்க. பேரு விட்டுப்போன வீடுகள்ல திரும்பத் திரும்பக் கிடைக்கிற பதில் ஒண்ணுதான்.

"மகன் திருப்பூர்ல இருக்கான்யா. பொங்கலுக்கு வருவான். வந்ததும் பாத்துக்கலாம்."

இந்தப் பதிலுக்காகத்தான் இன்னைக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா முழுசும் படிங்க. படிச்சு முடிச்சதும் வெளியூர்ல இருக்குற உங்க தம்பிக்கும் தங்கச்சிக்கும் அனுப்புங்க.

முதல்ல காலண்டரை எடுத்துப் பாருங்க.

👉 ஜனவரி 15, வியாழன்: பொங்கல்.
👉 16, வெள்ளி: மாட்டுப் பொங்கல், திருவள்ளுவர் தினம்.
👉 17, சனி: உழவர் திருநாள்.
👉 18, ஞாயிறு.

பேரு சேர்க்கவும் ஆட்சேபணை சொல்லவும் தேர்தல் ஆணையம் குடுத்திருக்குற கடைசி நாள் எது? அதே ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை.

புரியுதா? பொங்கலுக்கு பஸ் ஏறி வர்ற பிள்ளை ஊருக்குள்ள கால் வைக்கும்போது தாலுகா ஆபீஸ் பூட்டியிருக்கும். நாலு நாளும் வரிசையா லீவு. செராக்ஸ் கடையும் பூட்டியிருக்கும். வாக்குச்சாவடி அலுவலரா இருக்குற டீச்சரம்மாவும் அவங்க வீட்டுல பொங்கல் வச்சுக்கிட்டு இருப்பாங்க. ஆன்லைன்ல 18 ராத்திரி வரைக்கும் முயற்சி பண்ணலாம்தான். ஆனா கடைசி நாள்ல எல்லாரும் ஒண்ணா நுழைஞ்சா இணையதளம் என்ன பாடுபடும்னு பரீட்சை ரிசல்ட் பாத்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

அதனால அரசாங்கக் கணக்குக்கு 18. நம்ம கணக்குக்கு ஜனவரி 14, புதன்கிழமை. போகிக்குப் பழசை எரிக்கிறதுக்கு முன்னாடி இந்த வேலையை முடிச்சுடணும்.

என்ன நடந்திருக்கு?

தமிழ்நாட்டுல வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடக்குது. எஸ்ஐஆர்னு டிவியில சொல்றது இதுதான். 2025 நவம்பர் 4-ல தொடங்கி டிசம்பர் 14 வரைக்கும் வீடு வீடா கணக்கெடுப்புப் படிவம் குடுத்து, நிரப்பி வாங்கினாங்க. டிசம்பர் 19-ல வரைவுப் பட்டியல் வந்துச்சு.

அதுக்கு முன்னாடி மாநிலத்துல 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். வரைவுப் பட்டியல்ல 5 கோடியே 43 லட்சம். ஏறக்குறைய 97 லட்சத்து 37 ஆயிரம் பேரு இல்லாம போச்சு.

அதுல இறந்தவங்க 26 லட்சத்து 94 ஆயிரம். ரெண்டு இடத்துல பதிவு இருந்தவங்க 3 லட்சத்து 39 ஆயிரம். இந்த ரெண்டு வகையில உண்மையிலேயே நீக்க வேண்டிய பேரை நீக்குறதுல நமக்கு எந்த வருத்தமும் இல்ல. செத்தவங்க பேரு பட்டியல்ல கிடந்தா அது கள்ள ஓட்டுக்குத்தான் உதவும்.

மிச்சம் இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரு? 66 லட்சத்து 44 ஆயிரம் பேர். 'இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்'னு எழுதப்பட்டவங்க. நீக்கப்பட்ட 100 பேர்ல 68 பேர் இந்த வகை.

இந்தத் திருத்தம் சரியா, தப்பா, இவ்வளவு அவசரம் தேவையான்னு கட்சிகளுக்குள்ள வாதம் நடக்குது. உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நடக்குது. நடக்கட்டும். ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் ஜனவரி 18 நமக்காகக் காத்திருக்காது. வாதம் ஒரு கையில, படிவம் ஒரு கையில. ரெண்டும் வேணும்.

நம்ம மண்ணுக்கு ஏன் இது பெரிய விஷயம்?

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் காடு. மழை பெய்ஞ்சா பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, மிளகாய், மல்லி. பெய்யலைன்னா சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். அதுவும் இல்லைன்னா பையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏற வேண்டியதுதான். திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் மில்லு, சிவகாசி பட்டாசு, சென்னை ஹோட்டல், வளைகுடா நாடு. வெளியூர்ல ஆள் இல்லாத வீடு நம்ம தெருவுல எத்தனை இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம்.

கணக்கெடுப்பு நடந்த மாசத்தையும் யோசிச்சுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை. வருஷம் பூரா சும்மா கிடக்குற மானாவாரி நிலத்துல உயிர் ஓடுற காலம் அது ஒண்ணுதான். விடிஞ்சா களையெடுப்பு. வீட்டுல பெரியாளு யாரும் இல்ல. கதவு பூட்டியிருக்கு. அலுவலர் வந்து கதவைத் தட்டியிருப்பாங்க. திரும்பவும் வந்திருப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கும் ஆயிரம் வீடு. ஆனா பூட்டின வீட்டுக்குள்ள நாலு ஓட்டு இருந்ததுங்கிறது பட்டியலுக்குத் தெரியாது.

அதனால முதல் வேலை, பேரு இருக்கான்னு பாக்குறது. "எங்கிட்டதான் ஓட்டு அட்டை இருக்கே, போன தேர்தல்ல போட்டேனே"ன்னு சொல்ற அக்காமார்களே, அப்பத்தாமார்களே, ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. அட்டை உங்க அடையாளத்துக்கு. ஓட்டு பட்டியலுக்கு. அட்டை இடுப்புல இருந்தாலும் பட்டியல்ல பேரு இல்லைன்னா வாக்குச்சாவடியில இருந்து திரும்பித்தான் வரணும்.

எங்கே போய்ப் பாக்குறது?

👉 உங்க ஊரு வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துல, வாக்குச்சாவடி நிலை அலுவலர்கிட்ட வரைவுப் பட்டியல் இருக்கு. கேட்டா காட்டணும்.

👉 நீக்கப்பட்டவங்க பட்டியல் தனியா இருக்கு. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவுன்னு காரணத்தோட போட்டிருக்காங்க. ஊராட்சி அலுவலகத்துல கேட்டுப் பாருங்க. உயிரோட இருக்குற ஆளை 'இறந்தவர்'னு போட்டிருந்தா அதுலதான் தெரியும்.

👉 போன்ல பாக்குறவங்க தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் சேவை இணையதளத்துலயோ ஈசிஐநெட் செயலியிலயோ ஓட்டு அட்டை எண்ணைப் போட்டுப் பாக்கலாம்.

👉 எதுவும் புரியலைன்னா 1950-க்குப் போன் போடுங்க.

இங்க ஒரு சின்னக் குழப்பம் நம்ம ஊருக்காரங்களுக்கு மட்டும் வரும். நமக்குக் கலெக்டர் ஆபீஸ் விருதுநகர். எம்எல்ஏ தொகுதி திருச்சுழி. எம்பி தொகுதி ராமநாதபுரம். பக்கத்துல இருக்குற அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி மட்டும் விருதுநகர் எம்பி தொகுதியில வரும். அதனால எம்பி தொகுதியை நினைச்சுக்கிட்டு இணையதளத்துல மாவட்டம் ராமநாதபுரம்னு போட்டீங்கன்னா திருச்சுழி வரவே வராது. மாவட்டம் விருதுநகர், சட்டமன்றத் தொகுதி திருச்சுழி, எண் 208. இப்படித்தான் போடணும்.

பேரு எங்க இருக்கணும்? ஊர்லயா, வேலை பாக்குற இடத்துலயா?

இதுதான் முக்கியமான கேள்வி. இதுல நாம நேர்மையாப் பேசணும்.

1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சாதாரணமா நீங்க எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் பேரு இருக்கணும்னு சொல்லுது. ஊர்ல சொந்த வீடு இருக்குங்கிறது மட்டும் போதாதுன்னும் சொல்லுது. அதே சட்டம், தற்காலிகமா வெளியூர் போனதால மட்டும் சொந்த ஊர்க் குடியிருப்பு போயிடாதுன்னும் சொல்லுது. ஒருத்தருக்கு ஒரே ஒரு இடத்துலதான் பேரு இருக்கலாம். ரெண்டு இடத்துல பேரு இல்லைன்னு உறுதி குடுத்துட்டுப் பொய்யா எழுதினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும்.

இதை நம்ம வீட்டு நிலவரத்துக்குப் பொருத்திப் பாப்போம்.

கரிமூட்டம் போட மூணு மாசம் போறாங்க, மழை விழுந்ததும் திரும்பி வந்து விதைக்கிறாங்க. குடும்பம், ரேஷன், பிள்ளைங்க படிப்பு எல்லாம் இங்க. இவங்க குடியிருப்பு பரளச்சிதான். பேரு போயிருந்தா தைரியமா இங்கயே கேக்கலாம்.

புருஷன் மட்டும் சென்னையில ஹோட்டல் வேலை. பொண்டாட்டி, பிள்ளை, ஆத்தா, அப்பன் எல்லாம் இங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறாரு. இவரும் தற்காலிகமாப் போனவர்னு சொல்லி இங்கயே பேரு கேக்க இடம் இருக்கு. அலுவலர் விசாரிச்சா உள்ளதைச் சொல்லணும்.

குடும்பத்தோட திருப்பூர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. பிள்ளைங்க அங்க பள்ளிக்கூடம். இங்க வீடு பூட்டிக் கிடக்கு, கொடைக்கு மட்டும் வர்றாங்க. தோழரே, மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் சொல்றோம். உங்க ஓட்டு திருப்பூர்லதான் இருக்கணும். நீங்க குடிக்கிற தண்ணி, உங்க பிள்ளை போற பள்ளிக்கூடம், நீங்க நிக்கிற ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் அங்கதான். அந்த ஊரு எம்எல்ஏ உங்களைத் திரும்பிப் பாக்கணும்னா அந்த ஊருப் பட்டியல்ல உங்க பேரு இருக்கணும். ரெண்டு ஊருலயும் ஓட்டு இல்லாத ஆளை எந்த ஊருக் கவுன்சிலரும் மதிக்க மாட்டாரு.

இதனால நம்ம ஊருப் பூத்துல நமக்கு விழற ஓட்டு குறையுமே? குறையட்டும். அவரு ஓட்டு எந்த ஊருல இருந்தாலும் அவரு ஓட்டுத்தான். எங்கயுமே இல்லாமப் போறதுதான் நஷ்டம்.

கட்டிக்குடுத்த பொண்ணுங்க விஷயம் தனி. புகுந்த வீட்டு ஊருல பேரு சேக்கணும். ஆனா அங்க 2002, 2005-ஆம் வருஷப் பழைய பட்டியல் விவரம் கேப்பாங்க. அப்போ மாமனார் மாமியார் விவரத்தை எழுதினா ஒத்துவராது. அந்தப் பொண்ணைப் பெத்தவங்க விவரம் வேணும். அதனால பரளச்சியில இருக்குற அப்பா அம்மாக்களே, மகளுக்குப் பொங்கச்சீர் அனுப்புறப்போ உங்க பேரு இருக்குற பழைய பட்டியல் பக்கத்தையும் சேத்து அனுப்புங்க. வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ போதும்.

வெளிநாட்டுல வேலை பாக்குறவங்க, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காதவங்களா இருந்தா, படிவம் 6ஏ மூலமா பாஸ்போர்ட்ல உள்ள இந்திய முகவரியில பேரு சேக்கலாம். ஆனா ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோட நேர்ல வரணும்.

எந்தப் படிவம், என்ன காகிதம்?

👉 படிவம் 6: வரைவுப் பட்டியல்ல பேரே இல்லாதவங்களுக்கும், புதுசா 18 ஆனவங்களுக்கும். முன்னாடி பேரு இருந்து நீக்கியிருந்தாலும் இதுதான். இதோட ஒரு உறுதிமொழிப் படிவமும் சேத்துக் குடுக்கணும். பழைய பட்டியல் விவரம் அதுலதான் வரும்.

👉 படிவம் 8: பட்டியல்ல பேரு இருக்கு, ஆனா எழுத்துப்பிழை, வயசு தப்பு, போட்டோ தப்பு, முகவரி மாத்தணும், அட்டை தொலைஞ்சு போச்சு. மாற்றுத்திறனாளின்னு குறிக்கணும்னாலும் இதுதான்.

👉 படிவம் 7: ஒரு பேரை நீக்கச் சொல்ல. இதைப் பத்திக் கீழ தனியாச் சொல்றோம்.

படிவம் 6-க்கு ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ. வயசுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், பத்தாவது பன்னெண்டாவது மார்க் சீட்டு, இதுல ஒண்ணு. முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், கேஸ் பில், பட்டா, வாடகை ஒப்பந்தம், இதுல ஒண்ணு. எல்லாமே நகல் போதும். அசலை யார் கையிலயும் குடுத்துட்டு வராதீங்க.

திருப்பூர்ல, சென்னையில லைன் வீட்டுல வாய்ப் பேச்சுல குடியிருக்கீங்களா? ஒப்பந்தம் இல்ல, கரண்ட் பில் ஓனர் பேருல. கவலை வேண்டாம். முகவரிக்கு எந்தக் காகிதமும் இல்லைன்னா அலுவலர் நேர்ல வந்து நீங்க அங்க குடியிருக்குறதைப் பாத்து உறுதி பண்ணணும்னு விதி இருக்கு. காகிதம் இல்லைங்கிறதுக்காகப் படிவம் குடுக்காம இருக்காதீங்க.

குடுக்குற இடம் மூணு. உங்க வாக்குச்சாவடி நிலை அலுவலர். திருச்சுழி தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவு. இல்லைன்னா ஆன்லைன். எங்க குடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காம நகராதீங்க. அந்த எண்ணை வச்சுத்தான் மனு என்ன ஆச்சுன்னு அப்புறம் கேக்க முடியும்.

பழைய பட்டியலை எங்க தேடுறது?

தமிழ்நாட்டுல இதுக்கு முன்னாடி தீவிரத் திருத்தம் நடந்தது 2002-லயும் 2005-லயும். அந்தப் பட்டியல்ல உங்க பேரோ, உங்களைப் பெத்தவங்க பேரோ இருந்தா வேலை சுலபம். தலைமைத் தேர்தல் அதிகாரியோட இணையதளத்துல அந்தப் பட்டியல் இருக்கு.

ஆனா அதுல 'திருச்சுழி'ன்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது. ஏன்னா அந்த வருஷங்கள்ல அந்தப் பேருல தொகுதியே இல்ல. இப்ப இருக்குற திருச்சுழி தொகுதி 2008 எல்லை மறுவரையறையில வந்து, 2011-லதான் முதல் சட்டமன்றத் தேர்தலைப் பாத்துச்சு. அதனால பழைய தொகுதிப் பேருல தேடணும். உங்க ஊரு அப்போ எந்தத் தொகுதியில இருந்துச்சுன்னு வீட்டுல அய்யாவைக் கேளுங்க. டிரங்குப் பெட்டியில பழைய ஓட்டு அட்டை கிடந்தா அதுலயே எழுதியிருக்கும். பேரு ஒரு எழுத்து முன்னப்பின்ன இருக்கும், வயசு ரெண்டு கூடக் குறைய இருக்கும். கதவு எண்ணையும் அப்பா பேரையும் வச்சுத் தேடுங்க.

அதுல பேரு கிடைக்காதவங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். நோட்டீஸ்னதும் போலீஸ் கேஸ் மாதிரி பயந்துடாதீங்க. குறிச்ச தேதியில, கையில இருக்குற ஆவணத்தோட போய் நில்லுங்க. ஆதாரை அடையாளத்துக்கு ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் பீகார் வழக்குல 2025 செப்டம்பர்ல சொல்லியிருக்கு. ஆனா அது குடியுரிமைக்குச் சான்று இல்லைன்னும் சொல்லியிருக்கு. அதனால ஆதாரோட பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எது இருக்கோ எடுத்துட்டுப் போங்க. நோட்டீஸ் வந்தும் போகாம இருக்குறதுதான் ஆபத்து.

மனுவை நிராகரிச்சுட்டாங்களா? அதோட முடியல. 15 நாளைக்குள்ள மாவட்ட ஆட்சியர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். அங்கயும் சரிவரலைன்னா 30 நாளைக்குள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட. உங்க மனுவை எழுதித்தர நம்ம வழக்கறிஞர் அணி இருக்கு. காசு கிடையாது.

18 ஆன தம்பி, தங்கச்சிகளுக்கு

2008 ஜனவரி 1-லயோ அதுக்கு முன்னாடியோ பிறந்தீங்களா? இப்பவே படிவம் 6 குடுங்க. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி பிறந்தவங்களும் குடுத்து வைக்கலாம். இப்போ வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்தந்த நாள் வந்ததும் உங்க மனுவை எடுப்பாங்க.

உங்க அப்பாவுக்கு 18 வயசுல ஓட்டு இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. 1989 மார்ச் வரைக்கும் 21 ஆனாத்தான் ஓட்டு. உங்க பூட்டன் காலத்துக்குப் போனா இன்னும் மோசம். 1937 தேர்தல்ல வரி கட்டினவன், சொத்து வச்சிருந்தவன், படிச்சவன்னு கொஞ்சப் பேருக்குத்தான் ஓட்டு. கரிசக்காட்டுல கூலிக்குக் களையெடுத்த ஆளுக்கு அந்தப் பட்டியல்ல என்ன வேலை? எல்லாருக்கும் ஓட்டுன்னு ஆனது சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-52 பொதுத்தேர்தல்ல.

அந்த முதல் பட்டியல் எழுதினப்போ வடக்கே ஒண்ணு நடந்துச்சு. நிறையப் பொம்பளைங்க தங்க பேரைச் சொல்லாம 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் மகள்'னே பதிஞ்சாங்க. பேரு இல்லாம பட்டியல்ல வைக்க முடியாதுன்னு முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியா இருந்தாரு. கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பதிவு நீங்கிப்போச்சு. பேரைச் சொல்லாத வழக்கம், ஓட்டைக் கொண்டுபோயிடுச்சு.

இன்னைக்கு நம்ம அப்பத்தாமாரு பேரைச் சொல்றாங்க. ஆனா பட்டியலைப் பாக்குற வேலையை மகன்கிட்டயும் பேரன்கிட்டயும் விட்டுடுறாங்க. மகன் வெளியூர்ல. அங்கதான் சிக்கல் திரும்ப வருது. அதனால இந்தப் பதிவைப் படிக்கிற ஒவ்வொருத்தரும் உங்க வீட்டுக்கு மட்டும் பாக்காம, பக்கத்துல தனியா இருக்குற ஒரு வயசானவங்க பேரையும் சேத்துப் பாருங்க.

நம்ம பாக முகவர்களுக்கு

உங்க உழைப்புக்குக் கட்சி தலைவணங்குது. ஆனா சில விஷயம் கறாராச் சொல்லியாகணும்.

ஒண்ணு. நமக்கு ஓட்டுப் போடுற வீடு, போடாத வீடுன்னு பிரிச்சுப் பாக்காதீங்க. தெருவுல எல்லா வீட்டுக்கும் போங்க. பேரு போனவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் படிவத்தை நிரப்பிக் குடுங்க. ஓட்டுரிமை முதல்ல, ஓட்டு யாருக்குங்கிறது அப்புறம்.

ரெண்டு. கட்டுக் கட்டாக் கொண்டுபோய் மொத்தமாக் குடுக்க முடியாது. வரைவுப் பட்டியல் வந்த பிறகு ஒரு முகவர் ஒரு நாளைக்கு 10 படிவம்தான் குடுக்கலாம். நேர்ல சரிபார்த்தேன்னு நீங்க கையெழுத்தும் போடணும். அதனால 17-ஆம் தேதி 100 படிவத்தோட ஓடாதீங்க. இன்னைக்கு 10, நாளைக்கு 10.

மூணு. படிவம் 7. செத்தவர் பேரு இன்னும் கிடந்தா குடுங்க, அது கடமை. எதிர்க்கட்சிக்காரர் ஊர்ல இல்லாத நேரம் பாத்து அவரு பேரை நீக்க மனு குடுக்குறது குற்றம். அந்த ஆளு கரிமூட்டத்துல புகையில நின்னுக்கிட்டு இருப்பாரு, இங்க அவரு ஓட்டை நாம எடுத்தோம்னா அதைவிடக் கேவலம் இல்ல. அப்படி யாராவது செஞ்சா ஆணையம் தண்டிக்கிறதுக்கு முன்னாடி கட்சி தண்டிக்கும்.

நாலு. பத்து ரூபா கூட வாங்கக் கூடாது. யாரோட ஓடிபியையும் கேக்கக் கூடாது. ஆன்லைன்ல ஆதார் ஓடிபி தேவைப்பட்டா, அவங்க போன்ல, அவங்க கையால போடட்டும்.

ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது?

இப்படிக் கேக்குறவங்களுக்குப் பக்கத்துலயே பதில் இருக்கு. 2024-ல விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில வெற்றி வித்தியாசம் 4,379 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதி சேந்த இடத்துல அவ்வளவுதான். 2021-ல சென்னை தியாகராய நகர்ல 137 ஓட்டு. 2016-ல ராதாபுரத்துல 49 ஓட்டு. 49 பேருங்கிறது நம்ம ஊருல ஒரு தெரு. அந்த ஒரு தெரு பொங்கலுக்கு வந்து பாத்துக்கலாம்னு இருந்திருந்தா, எம்எல்ஏ வேற ஆளா இருந்திருப்பாரு.

ஜெயிக்கிறது தோக்குறது ஒரு பக்கம். கண்மாய் தூர்வாரணும், பயிர்க் காப்பீடு வரலைன்னு மனு எடுத்துக்கிட்டுப் போறப்போ, இந்த ஊருல எத்தனை ஓட்டுன்னு பாத்துத்தான் அரசியல்வாதி நாற்காலியில நிமிந்து உக்காருவான். நம்ம கட்சிக்காரனும் அதுக்கு விலக்கு இல்ல. மழையும் நம்ம கையில இல்ல, விலையும் நம்ம கையில இல்ல. கையில இருக்குற ஒண்ணையும் பூட்டின வீட்டுக்குள்ள விட்டுடக் கூடாது.

18-ஐத் தவறவிட்டவங்களுக்கும் வழி முழுசா அடைபடல. இறுதிப் பட்டியல் வந்த பிறகும் தொடர் திருத்தத்துல படிவம் 6 குடுக்கலாம். ஆனா வேட்புமனுத் தாக்கல் கடைசி நாளோட பட்டியல் பூட்டிடும். அதுக்கு மேல யார் நினைச்சாலும் ஒரு பேரைச் சேக்க முடியாது. அந்த நெருக்கடி வரைக்கும் ஏன் போகணும்?

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மூணு வேலை.

👉 வீட்டுல இருக்குற எல்லா ஓட்டு அட்டையையும் எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் போன்ல போட்டுப் பாருங்க.

👉 வெளியூர்ல இருக்குறவங்களுக்கு வீடியோ கால் போடுங்க. "பொங்கலுக்கு எப்ப வர்ற?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "உன் ஓட்டு எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. பேரு இல்லைன்னா அங்கயிருந்தே படிவம் 6 போடச் சொல்லுங்க. போட்டோவும் நகலும் நீங்க தயார் பண்ணி வைங்க.

👉 பேரு இல்லாதவங்க பட்டியலை நாளைக்குக் காலையிலயே உங்க பாக முகவர்கிட்ட குடுங்க.

ஜனவரி 14-க்குள்ள இதை முடிச்சுட்டா, 15-ஆம் தேதி வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளை செராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். நிம்மதியா வாசல்ல உக்காந்து பொங்கல் சாப்பிடலாம். தேர்தல் வந்ததும் தலை நிமிந்து வாக்குச்சாவடிக்குப் போகலாம்.

பேரு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா சேருங்க. பக்கத்து வீட்டையும் சேத்து விடுங்க.

பொங்கல் வாழ்த்துகள், தோழர்களே!

#ஜனவரி14க்குள் #என்பெயர்பட்டியலில் #படிவம்6 #திருச்சுழி #பரளச்சி